பூச்சுக்கு முன்னம் லைற்றை யோசியுங்கள்: யாழ்ப்பாணத்தில் புது வீட்டுக்கு வெளிச்சம் அமைக்கிறவர்களுக்கு

குடிபூரல் முடிந்து சனமெல்லாம் போன பிறகு, அம்மா ஹோல் கதிரையில் இருந்தபடி மேலே பார்த்தா. "என்ன தம்பி, புடவைக்கடைக்குள்ள இருக்கிற மாதிரிக் கிடக்கு" என்றா. அந்த ஹோலில் 18 வோற் பனல் லைற் பதினொன்று பூட்டியிருந்தேன், எல்லாம் பளீர் வெள்ளை. செலவழித்த காசுக்குக் கண் கூசினதுதான் மிச்சம். பிறகு பூசிய சுவரை இரண்டு தரம் வெட்டி, ஒன்றரை வருடம் இழுபட்டுத்தான் இப்போதைய நிலைக்கு வந்தேன். கோண்டாவிலில் நான் பட்ட பாட்டை நீங்களும் படவேண்டாம். புது வீடு கட்டுகிறவர்களும் பழைய வீட்டைத் திருத்துகிறவர்களும் இந்த ஒழுங்கிலேயே போங்கள்.

1. எலெக்ரீசியனைக் கூப்பிட முதல் தளபாடத்தை வையுங்கள்

வீட்டில் இன்னும் தளபாடம் இராது, அது பரவாயில்லை. சுவர் எழும்பியதும் ஒரு சோக்கட்டியோடு போய், செற்றி எங்கே, சாப்பாட்டு மேசை எங்கே, கட்டில் எந்தப் பக்கம் தலை வைக்கும், ரீவி எந்தச் சுவரில் என்று நிலத்தில் கோடு போடுங்கள். அளவு நாடாவால் அளந்து ஒரு கொப்பியில் கீறுங்கள். அழகாக இருக்கவேண்டியதில்லை, அடிக்கணக்கு சரியாக இருந்தால் போதும்.

இதைச் செய்யாவிட்டால் எலெக்ரீசியன் தனக்குத் தெரிந்தபடி செய்வார். அவருக்குத் தெரிந்தது, றூமின் நட்டநடுவில் ஒரு ஃபான், நாலு மூலையிலும் நாலு லைற், கதவடியில் ஒரு சுவிச் போட். அவரில் பிழை சொல்ல ஏலாது. எங்களுடைய எலெக்ரீசியன் தம்பி என்னிடம் நேரே கேட்டார்: "அண்ணை, உங்களுக்கு என்ன வேணும் எண்டு பூச முதலே சொல்லியிருந்தா நான் வயர் பைப் விட்டிருப்பனே. இப்ப வெட்டச் சொன்னா எப்பிடி?" என்னிடம் பதில் இருக்கவில்லை.

கொப்பியில் ஒவ்வொரு றூமுக்கும் ஒரே ஒரு கேள்வியை எழுதிப் பதில் போடுங்கள்: இங்கே இருட்டின பிறகு ஆர் என்ன செய்வார்கள்? படிப்பதா, காய்கறி வெட்டுவதா, ரீவி பார்ப்பதா, சும்மா படுத்திருப்பதா? லைற்றின் இடத்தை அந்தப் பதில்தான் தீர்மானிக்கும்.

2. ஒரு றூமுக்கு மூன்று விதமான வெளிச்சம்

மேலே இருந்து எல்லா இடமும் ஒரே அளவில் கொட்டினால் முகத்தில் நிழல் விழும், சுவர் தட்டையாகத் தெரியும். நவீன வீட்டு வெளிச்சம் என்று படங்களில் பார்த்து ஆசைப்படுகிறோமே, அதில் விலைகூடிய லைற் பெரிதாக ஒன்றும் இல்லை. பொது வெளிச்சம் கொஞ்சம், வேலை நடக்கும் இடத்துக்குத் தனி வெளிச்சம், சுவரையோ படத்தையோ எடுத்துக்காட்ட இன்னொன்று. மூன்றுக்கும் வேறு வேறு சுவிச். இவ்வளவுதான் அந்தக் கலை.

ஹோல்: டவுன்லைற்றைச் சுவரில் இருந்து இரண்டரை, மூன்று அடி தள்ளி வையுங்கள். நடுவில் கூட்டமாகப் போடாதீர்கள். சுவரில் வெளிச்சம் விழுந்தால்தான் றூம் பெரிதாகத் தெரியும். செற்றிக்குப் பின்னால் நிற்கும் லாம்புக்கு ஒரு பிளக் பொயின்ற் கட்டாயம் விடுங்கள், பின்னேரத்தில் ஆட்கள் அதிகம் பாவிக்கப்போவது அதைத்தான்.

இங்கே பெரிய பொறி ஃபான். எங்களூர் வெக்கைக்கு ஃபான் இல்லாமல் முடியாது. ஃபான் செட்டை சுற்றுகிற வட்டத்துக்கு மேலே டவுன்லைற் இருந்தால், செட்டை வெளிச்சத்தை வெட்டி வெட்டிப் போகும். றூம் முழுக்கத் துடிக்கும். பத்து நிமிடத்தில் தலையிடி வரும். 56 அங்குல ஃபான் என்றால் நடுவில் இருந்து 28 அங்குலம் செட்டை, அதற்கு அப்பால் இன்னும் ஓர் அடியாவது தள்ளித்தான் லைற். என்னுடைய பதினொன்றில் நாலு இந்த வட்டத்துக்குள்தான் இருந்தன.

சாப்பாட்டு மேசை: தொங்கு லைற் வைப்பதென்றால் மேசைத் தட்டில் இருந்து 30 முதல் 36 அங்குல உயரத்தில் அதன் அடிப்பக்கம் வரவேண்டும். கூரைக்குக் கிட்ட ஏற்றிவிட்டால் அது தொங்கு லைற் இல்லை. மேசை நடுவும் றூம் நடுவும் ஒன்றாக இராது என்பதை மறக்காதீர்கள், சோக்கட்டிக் கோடு அதற்குத்தான். ஃபானும் தொங்கு லைற்றும் ஒரே மேசைக்கு மேலே ஒத்துவராது. ஃபானைச் சுவர் ஃபானாக மாற்றுங்கள்.

குசினி: நடு லைற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் எல்லாரும் காய் வெட்டுகிறோம், எங்கள் நிழல் வெட்டும் பலகையிலேயே விழும். மேல் அலுமாரிக்கு அடியில் ஸ்ட்ரிப் லைற் ஒன்று போதும். அலுமாரியின் முன் விளிம்புப் பக்கமாக ஒட்டுங்கள், பின்சுவரில் ஒட்டினால் கண்ணுக்குள் அடிக்கும். தாளிக்கிற எண்ணெய்ப் புகை படியும் என்பதால் மூடியுள்ள அலுமினியக் காடிக்குள் போட்டுத்தான் ஒட்டவேண்டும்.

சாமியறை: இதில் நான் அதிகம் பழகினேன். முதலில் முருகன் படத்துக்கு நேர் முன்னால் மேலே ஒரு ஸ்பொட் லைற் பூட்டினேன். கும்பிட நின்றால் கண்ணாடியில் லைற்தான் தெரியும், வேலும் மயிலும் தெரியாது. படத்துக்கு மேலே, சுவரோடு கிட்ட இருந்து, நிமிர்கோட்டில் இருந்து 30 பாகை சாய்வில் அடிக்கும்படி மாற்றினதும் கண்ணாடிப் பளபளப்பு நிலத்துக்கு இறங்கிவிட்டது. 2700 கெல்வின் மஞ்சள்தான் விளக்குச் சுடரோடு சேரும். வெள்ளை லைற் எரிந்தால் விளக்கு எரிவதே தெரியாது.

படுக்கையறை: கட்டில் தலைமாட்டில் ரூவே சுவிச். கதவடியில் போட்டு, படுத்தபடி அணைக்கலாம். படிக்கட்டுக்கும் அப்படியே. பூச்சுக்கு முன் என்றால் இதற்கு ஒரு துண்டு வயர் கூடும், அவ்வளவுதான்.

3. நிறமும் அளவும்

பெட்டியில் மூன்று எண் பாருங்கள். முதலாவது கெல்வின். 2700, 3000 மஞ்சள் கலந்தது. 4000 நடு வெள்ளை. 6500 நீலம் கலந்த வெள்ளை. கடையில் கேட்காமல் எடுத்தால் 6500தான் கைக்கு வரும், ‘டே லைற்’ என்று எழுதியிருக்கும். ஹோல், படுக்கை, சாமியறைக்கு 3000 அல்லது அதற்குக் கீழே. குசினி, படிப்பு மேசை, குளியலறைக் கண்ணாடிக்கு 4000. ஒரே றூமுக்குள் இரண்டைக் கலந்தால் சுவரில் ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் நீலம் என்று பூச்சுப் பிழைத்தது போல இருக்கும். "மஞ்சள் எண்டா மங்கல், பழைய குண்டு பல்ப் மாதிரி" என்று சொந்தக்காரர் சொல்வார்கள். மங்கலுக்கும் மஞ்சளுக்கும் சம்பந்தம் இல்லை, மங்கலைத் தீர்மானிப்பது லூமன்.

அதுதான் இரண்டாவது எண். ஹோலுக்கு ஒரு சதுர மீற்றருக்கு 150 லூமன் கணக்கு வையுங்கள். சதுர அடியைப் பத்தால் வகுத்தால் கிட்டத்தட்டச் சதுர மீற்றர் வரும். எங்கள் ஹோல் 14க்கு 15 அடி, 210 சதுர அடி, சுமார் 20 சதுர மீற்றர். 3000 லூமன் போதும். எல்.ஈ.டி. ஒரு வோற்றுக்கு 90 லூமன் தந்தாலும் 35 வோற்றுக்குள் முடிந்துவிடும். நான் போட்டிருந்ததோ 198 வோற். குசினிப் பலகைக்கும் படிக்கிற மேசைக்கும் இரட்டிப்பு வேண்டும், அதைத் தனி லைற்றால் கொடுங்கள்.

மூன்றாவது சி.ஆர்.ஐ., நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்ற எண். 80க்குக் கீழே என்றால் மாம்பழமும் சேலைக் கரையும் செத்த நிறத்தில் தெரியும். சாப்பாட்டு மேசைக்கும் கண்ணாடிக்கும் 90 கிடைத்தால் எடுங்கள்.

4. எலெக்ரீசியனோடு பேச்சும் பைப் வேலையும்

எங்கள் பக்கம் பொயின்ற் கணக்கில்தான் கூலி. பேச முதல் ‘பொயின்ற்’ என்றால் எது என்று எழுத்தில் வாங்குங்கள். ரூவே சுவிச் ஒன்றா, இரண்டா? ஸ்ட்ரிப்புக்கு றைவர் (எல்.ஈ.டி.க்கு ஏற்றபடி கறண்டைக் குறைத்துக் கொடுக்கும் பெட்டி) பூட்டுவது சேர்த்தியா? சுவர் வெட்டுவது அவர் வேலையா, மேசன் வேலையா? இந்த மூன்றிலும்தான் கடைசியில் மனக்கசப்பு வரும். தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் உள்ளவரா என்றும் கேளுங்கள். மின் இணைப்புக்கான அறிக்கையில் தகுதியுள்ள ஒருவர்தான் கையொப்பம் வைக்கவேண்டும்.

கொங்கிறீற் கூரை என்றால், கம்பி கட்டி முடிந்து கொங்கிறீற் ஊற்றுவதற்கு முதல் நாள் நீங்களே நேரில் நின்று ஒவ்வொரு லைற் பெட்டியின் இடத்தையும் கொப்பியோடு ஒத்துப் பாருங்கள். அன்று தவறினால் பிறகு சீலிங் அடித்து மறைப்பதுதான் வழி. ஓட்டு வீடு என்றால் சீலிங்குக்கு மேலால் வயர் ஓடும், அந்தளவு பதற்றம் இல்லை. ஆனால் எலியும் அணிலும் இருக்கும், பைப் இல்லாமல் வயரை வெறுமனே விடாதீர்கள்.

லைற் வயறிங்குக்கு இங்கே 1/1.13, பிளக்குக்கு 7/0.67 வயர் (முதல் எண் கம்பி இழைகள், அடுத்தது ஓர் இழையின் விட்டம் மில்லிமீற்றரில்). எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ளதைச் சுருளாக நீங்களே வாங்கிக் கொடுங்கள். லைற் சுற்றுக்கு 6 அம்பியர் பிறேக்கர், வீடு முழுக்க ஒரே சுற்றில் போடாமல் இரண்டு மூன்றாகப் பிரிக்கவேண்டும். கறண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் இல்லாமல் வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். இடி மின்னல் காலத்தில் எல்.ஈ.டி. றைவர்கள்தான் முதலில் சாகும், எனவே மெயின் போட்டில் சேர்ஜ் அரெஸ்ரர் ஒன்றும் சேர்த்துவிடுங்கள். நிலத்துக்குள் அடிக்கிற ஏர்த் கம்பி இன்னொரு தொல்லை. எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல், அரைவாசியில் தட்டும். மிச்சத்தை வெட்டி எறிந்துவிட்டு மண்ணால் மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். அடிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். கிணற்றடிப் பக்கம் ஈரம் உள்ள இடம் நல்லது.

இன்வேர்ட்டர் இப்போது வாங்க எண்ணம் இல்லாவிட்டாலும், ஹோல், குசினி, படிக்கட்டு லைற்றுகளைத் தனிச் சுற்றாக இழுத்து வையுங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கறண்ட் இல்லாமல் இருந்ததை மறந்தவர்கள் மட்டும் இந்த வரியைக் கடந்து போகலாம்.

பூசுவதற்கு முதல் நாள் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவை வைத்துப் படம் எடுங்கள். பிறகு ஆணி அடிக்கும் ஒவ்வொரு தரமும் அந்தப் படம் தேவைப்படும்.

சுவிச்சை அணைத்த பிறகும் லைற் மின்மினி போல எரிகிறதா? நடுவயரில் (நியூட்ரல்) சுவிச்சைப் போட்டிருப்பார், அல்லது சுவிச்சில் சின்னச் சிவப்பு நியோன் லைற் இருக்கும். இரண்டாவது தொல்லை மட்டுந்தான், முதலாவது ஆபத்து. பல்ப் மாற்றும்போது அணைத்துவிட்டோம் என்று நினைப்பீர்கள், ஹோல்டரில் கறண்ட் இருக்கும். உடனே திருத்தச் சொல்லுங்கள்.

5. மின்சார சபைக் கடதாசிகள்

புது இணைப்புக்கு என்னிடம் கேட்டவை: நிரப்பிய விண்ணப்பம், அடையாள அட்டைப் பிரதி, காணி உறுதிப் பிரதி, எலெக்ரீசியன் கையொப்பமிட்ட வயறிங் பரிசோதனை அறிக்கை. உறுதி அம்மாவின் பெயரில் இருந்ததால் அவவின் சம்மதக் கடிதமும். உங்கள் காணி வெளிநாட்டில் உள்ள ஒருவரின் பெயரில் என்றால் அந்தக் கடிதத்தைச் சுவர் எழும்பும்போதே எழுதுவிக்கத் தொடங்குங்கள், அதுதான் மாதக்கணக்கில் இழுபடும். சபையில் இருந்து ஆள் வந்து பார்த்து, மதிப்பீடு தந்து, காசு கட்டி, பிறகுதான் மீற்றர். பிரதிகளை மூன்று செற்றாக எடுத்துக்கொண்டு போங்கள். நான் ஒரு கடதாசிக்காக ஒரே கிழமையில் மூன்று முறை அலைந்தேன்.

வெளிச்சத்துக்காக மட்டும் மூன்று ஃபேஸ் எடுக்கவேண்டாம். எல்.ஈ.டி. போட்ட முழு வீடும் ஒரு இஸ்திரிப் பெட்டியின் கறண்டை எடுக்காது. ஏசி இரண்டு மூன்று வரும் என்றால் அது வேறு கதை.

6. வாங்குவது

ஸ்டான்லி வீதிப் பக்கம் கடை கடையாக ஏறி இறங்குங்கள், முதல் நாளே வாங்காதீர்கள். கடையில் லைற்றை எரித்துக் காட்டச் சொல்லி ஃபோன் கமராவை ஸ்லோ மோஷனில் பிடியுங்கள். கோடு கோடாக ஓடினால் துடிப்பு இருக்கிறது, வேண்டாம். ஒரே றூமுக்கு வேண்டியதையும் இரண்டு மேலதிகத்தையும் ஒரே தடவையில் எடுங்கள், அடுத்த தொகுதியில் அதே 3000 கெல்வினே வேறு மஞ்சளாக வரும். உத்தரவாதக் கடதாசியில் திகதியும் கடை முத்திரையும் விழுந்த பிறகுதான் காசு. கொழும்பு புறக்கோட்டையில் மலிவுதான். பழுதானால் மாற்ற யாழ்ப்பாணத்தில் இருந்து பஸ் ஏறவேண்டும், அந்தக் காசையும் சேர்த்துப் பாருங்கள்.

ஸ்ட்ரிப் லைற்றுக்கு ஒரு கணக்கு. நீளத்தை ஒரு மீற்றருக்கான வோற்றால் பெருக்கி, அதற்கு மேல் கால்வாசியாவது கூட்டி றைவர் எடுங்கள். 4 மீற்றர், மீற்றருக்கு 9.6 வோற் என்றால் 38.4, றைவர் 60 வோற். 12 வோல்ற் ஸ்ட்ரிப்பை ஒரே இழுவையில் 5 மீற்றருக்கு மேல் விட்டால் கடைசிப் பக்கம் மங்கும், நீளம் கூட என்றால் 24 வோல்ற் வாங்குங்கள். றைவரை எட்டக்கூடிய இடத்தில் வைப்பது இதைவிட முக்கியம். எங்கள் வீட்டில் ஜிப்சம் சீலிங்குக்குள் வைத்து மூடிவிட்டார்கள், எட்டாம் மாதம் செத்தது. 2,800 ரூபா றைவரை எடுக்க சீலிங்கை வெட்டி, ஒட்டி, பெயின்ற் அடித்து 14,000 போனது.

இனி நம்மவர்களுக்கே உரிய பொறி: கனடாவில் இருந்து வரும் லைற். மச்சாள் ஆசையாய் ரொறன்ரோவில் இருந்து ஒரு கண்ணாடிச் சரவிளக்கு கொண்டுவந்தா, சூட்கேசுக்குள் பாதி உடுப்பை விட்டுவிட்டு. அங்கே 120 வோல்ற், இங்கே 230. பூட்டிச் சுவிச்சைப் போட்ட கணத்தில் ‘டப்’ என்று ஒரு சத்தம், கரிந்த மணம். மச்சாள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கனடா, அமெரிக்காவில் இருந்து ஆரும் கொண்டுவருவதென்றால் பெட்டியில் ‘100–240’ என்று இருக்கிறதா என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பல்ப் கழற்றிப் பூட்டும் வகை என்றால், ஹோல்டரையும் வயரையும் எலெக்ரீசியன் பார்த்து இங்கத்தையதாக மாற்றித் தருவார். எங்களுடைய சரவிளக்கும் அப்படித்தான் பிழைத்தது. அங்கத்தைய டிம்மரைக் கொண்டுவரவே வேண்டாம். லண்டன், பாரிஸ், சுவிஸ் லைற்றுகளுக்கு வோல்ற்றில் பிரச்சினை இல்லை. லண்டனில் பின் வகை பல்ப்பும் இருக்கும், எங்கள் பழைய ஹோல்டருக்கு அது சரியாக ஏறும்.

7. வெளியே

விறாந்தை, கேற், கிணற்றடிக்கு ஐபி 65 (தூசியும் தண்ணீரும் புகாதது) என்று போட்ட லைற். குருநகர், பாசையூர், பருத்தித்துறை என்று கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் இரும்பில் பெயின்ற் அடித்ததை வாங்கவே வேண்டாம், உப்புக் காற்று விட்டுவைக்காது. பித்தளை அல்லது நல்ல பிளாஸ்ரிக். ஐப்பசி மழை விழுந்தவுடன் ஈசல் வரும். வெள்ளை லைற்றுக்கு வருகிற அளவு 2700 மஞ்சளுக்கு வராது. விறாந்தையில் நிலத்தைப் பார்க்கும் மூடியுள்ள லைற் போட்டு, கேற் லைற்றுக்குத் தனிச் சுவிச் வையுங்கள். ஈசல் நாளில் கேற்றை எரியவிட்டு விறாந்தையை அணைத்தால் பூச்சி அங்கே போகும், பல்லியும் பின்னால் போகும்.

8. நாள் கணக்கு

குடிபூரலுக்கு நாள் வைத்த பிறகு பின்னோக்கி எண்ணுங்கள். சாத்திரியார் தையிலோ ஆவணியிலோ நாள் தந்தால் ஊரில் எல்லாருக்கும் அதே நாள்தான், எலெக்ரீசியனைப் பிடிக்கமுடியாது. என் அனுபவத்தில்: கொப்பிப் படம் ஒரு கிழமை, பைப் வேலை, மேசனோடு சேர்ந்து மூன்று கிழமை, பூச்சு காய ஒரு மாதம், வயர் இழுக்க ஒரு கிழமை, மின்சார சபை இரண்டு மாதம், லைற் பூட்ட நாலு நாள். லைற்றைப் பெயின்ற்றின் கடைசிப் பூச்சுக்கு முதல் பூட்டாதீர்கள். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளையும் கணக்கில் இருந்து கழியுங்கள், வேலை நடக்கும் என்று ஆரும் சொன்னால் நம்பவேண்டாம்.

9. எனக்கு முடிந்தது

46 பொயின்ற், ஒன்றுக்கு 2,000 ரூபா கூலி, 92,000. வீணாய்ப் போன பதினொரு பனல் 15,950. சுவரை வெட்டி ஒன்பது பொயின்ற்றை மாற்றி, மேசனுக்கும் பெயின்ற்றுக்கும் கொடுத்தது 48,000. அந்தச் சீலிங் வெட்டு 14,000. டொலர் ஏறி இறங்க விலை மாறும், விகிதத்தைப் பாருங்கள்: பிழைக்குக் கொடுத்தது கூலியில் முக்கால்வாசிக்கு மேல்.

கறண்டுக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். பழைய 198 வோற் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதம் 30 அலகு, ஹோலுக்கு மட்டும். இப்போது பின்னேரத்தில் எரிவது ஏறத்தாழ 40 வோற், மாதம் 6 அலகு. எங்கள் பில்லில் அலகு கூடக்கூட ஒவ்வோர் அலகின் விலையும் ஏறுவதால் அந்த 24 அலகும் மேல் வகுப்பில்தான் மிச்சமாகிறது.

கழற்றிய பதினொரு பனலில் ஒன்று மாட்டுக் கொட்டிலில் எரிகிறது. மிச்சம் பத்தும் பெட்டியோடு இருக்கின்றன. கடை திறக்கப்போகிறவர்கள் ஆரும் இருந்தால் வந்து எடுத்துக்கொண்டு போகலாம்.